அம்மா உட்கார மறுத்த நாற்காலி

இந்த எபிசோடை ரொம்ப நாளா கேட்டுட்டே இருந்தீங்க. கிளிப்ஸ்ல எனக்குப் பின்னாடி தெரியுதே ரெண்டு நாற்காலி, ஒண்ணு பிரம்பு, ஒண்ணு கிளிப்பச்சை. அது எங்க வாங்கினது, எவ்வளவு, ஏன் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாம இருக்குன்னு. சொல்றேன். ஆனா அதைப் பத்திப் பேசணும்னா எங்க அம்மாவைப் பத்தியும் பேசியாகணும். அவங்ககிட்ட கேட்டுட்டேன். "பேரைச் சொல்லாம பேசிக்கோ"ன்னாங்க.

நானும் என் வைஃப்பும் ரெண்டு பேருமே ஐடி. பெருங்குடியில வாடகை வீடு. கல்யாணம் ஆன புதுசுல ஞாயித்துக்கிழமைன்னா மால்தான். ஏசியில நடந்துட்டு, தேவையில்லாத ஏதோ ஒண்ணை வாங்கிட்டு வருவோம். ஒருநாள் பழைய புக் தேடி மூர் மார்க்கெட் போனோம். அதோட கதை உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும். 1900-ல திறந்த கட்டடம், 1985-ல தீப்பிடிச்சு எரிஞ்சு போச்சு. சென்ட்ரல் பக்கத்துல நாம புறநகர் ரயில் ஏறுற இடம்தான் அது. கடைக்காரங்க பக்கத்துல அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறினாங்க, பேரு மட்டும் கூடவே வந்துடுச்சு. புக் கிடைக்கல. வெளிய நடைபாதையில ஒரு அண்ணன் ரெண்டு மர நாற்காலியைக் கவுத்துப் போட்டிருந்தாரு. தேக்கு. உட்கார்ற இடத்துல பிரம்பு அறுந்து ஓட்டை. ஜோடி 2,400 சொன்னாரு. அவ பேசிப் பேசி 1,600-க்குக் கொண்டு வந்தா. நான் பக்கத்துல நின்னு "பரவால்ல, குடுத்துடலாம்"னு முணுமுணுத்ததை இன்னிக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுறா.

அங்கிருந்துதான் இந்தப் பைத்தியம் ஆரம்பிச்சது.

முதல்ல பழைய பெயின்ட்டை எடுக்கணும். 80-ஆம் நம்பர் உப்புத்தாள்ல ஆரம்பிச்சு, 120, அப்புறம் 220. மூணாவது நாள் காபிக் கலர்ல மரத்தோட வரி தெரிய ஆரம்பிச்சுது பாருங்க, ஆபீஸ்ல எந்த ரிலீஸுக்கும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்ல. பாலிஷுக்கு அரக்கு. ஜார்க்கண்ட் பக்கமெல்லாம் மரத்துல வளர்ற ஒரு பூச்சி விடுற பிசின் அது. செதில் செதிலா கிடைக்கும். ஸ்பிரிட்ல ஊறப்போட்டு, பஞ்சைத் துணியில பொட்டலமா கட்டி, அதுல தொட்டுத் தொட்டுத் தேய்க்கணும். ஒரே தடவையில தடியா அடிச்சீங்கன்னா பிசுபிசுன்னு நிக்கும். நாங்க அப்படித்தான் அடிச்சோம். எல்லாத்தையும் தேய்ச்சு எடுத்துட்டு மறுபடி முதல்ல இருந்து.

அடுத்து பிரம்பு. ஃப்ரேமைச் சுத்தி வரிசையா சின்னச் சின்ன ஓட்டை இருக்கும். பிரம்புப் பட்டையை அரை மணி நேரம் தண்ணியில ஊறவெச்சு, ஈரத்தோட இழுத்துப் பின்னணும். காயும்போது அதுவே விறைச்சுக்கும். முதல்ல நெட்டு, மேல குறுக்கு, திரும்ப நெட்டு, அப்புறம் மேல கீழ கோத்து ஒரு குறுக்கு, கடைசியா ரெண்டு பக்கமும் சாய்வு. ஓட்டைக்குள்ள பட்டை நழுவாம இருக்க பென்சில் துண்டை ஆப்பு மாதிரி செருகினோம். அடுத்தவன் எழுதின பழைய கோடைத் திறக்கிற மாதிரிதான் இதுவும். எந்த மடையன் இப்படிப் பண்ணி வெச்சான்னு முதல்ல திட்டுவோம். சாய்வுப் பட்டை எதுக்குன்னு எனக்கும் புரியல, நேரமாகுதேன்னு அதை விட்டுட்டு உட்கார்ந்து பார்த்தேன். பட்டையெல்லாம் ஆளுக்கொரு பக்கம் நகர்ந்துடுச்சு. அப்பதான் புரிஞ்சுது.

செலவு கேட்டீங்கல்ல? பிரம்பு, அரக்கு, ஸ்பிரிட், உப்புத்தாள், ஆட்டோ எல்லாம் சேர்த்து 3,000-க்கு மேல ஆச்சு. அதுவும் ஒரு நாற்காலிதான் முடிஞ்சுது. இதை விடக் கம்மியா புது சேர் ஆன்லைன்ல கிடைக்கும். பணத்தை மிச்சம் பண்ணணும்னு இதுல இறங்காதீங்க. அஞ்சு ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் மொட்டைமாடியில உட்கார்ந்து, போனைத் தொடாம, ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கிட்டு வேலை பார்த்தோம். எங்களுக்குக் கிடைச்சது அதுதான்.

அப்புறம் துணிக்கு வந்தோம். இன்ஸ்டாகிராம்ல த்ரிஃப்ட் பேஜ் நிறைய இருக்குல்ல, அதுல அவ ஒரு டெனிம் ஜாக்கெட் எடுத்தா, 450 ரூபாய். முழங்கைக் கிழிசல்ல பழைய சுங்குடித் துண்டை வெச்சுக் கையாலயே தைச்சா. சூப்பரா வந்துச்சு. நான் அதை ரீல் போட்டேன். தலைப்பு என்ன தெரியுமா? "புதுத்துணி வாங்குறவங்களா நீங்க? பாவம்!" பெரிய அறிவாளி நானு.

அந்த வாரம்தான் கோவில்பட்டியில இருந்து அம்மா வந்தாங்க.

ஜாக்கெட்டைப் பார்த்துட்டு, நல்லாருக்கே, எங்க எடுத்ததுன்னு கேட்டாங்க. நான் பெருமையா, யாரோ போட்டது, வாங்கி நாங்களே சரி பண்ணினோம்னு சொன்னேன். அம்மா முகம் மாறிடுச்சு. "யாரு போட்டதுலே?" தெரியாதும்மா. "தெரியாதவுக போட்டதை எதுக்கு அந்தப் பிள்ளைக்கு வாங்கிக் குடுத்த? சம்பளம் வரலையா?" நான் விடல. ஒரு காட்டன் டீஷர்ட் செய்ய 2,700 லிட்டர் தண்ணி வரைக்கும் ஆகும்னு ஒரு கணக்கு சுத்துதுல்ல, அதை எடுத்து விட்டேன். அம்மா என்னைப் பார்த்தாங்க. "பத்து நாளைக்கு ஒருக்கா குழாயில தண்ணி வந்த ஊர்ல உன்னை வளத்திருக்கேன். எனக்குத் தண்ணிக் கணக்கு சொல்லுதியா?"

அன்னிக்கு ராத்திரி சாப்பிட்டு முடிச்சப்புறம் அவங்களே ஆரம்பிச்சாங்க. இதுவரைக்கும் எனக்கே சொன்னதில்ல. எங்க ஆச்சி ஒரு பெரிய வீட்டுல பாத்திரம் தேய்ச்சாங்க. அந்த வீட்டுல குடுக்கிற பழைய துணிதான் அம்மாவுக்கு. ஆறாங்கிளாஸ்ல ஒரு பச்சைப் பாவாடை, மஞ்சக் கரை. அம்மாவுக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்துச்சாம். போட்டுட்டுப் பள்ளிக்கூடம் போயிருக்காங்க. அந்த வீட்டுப் பொண்ணும் அதே கிளாஸ். எல்லார் முன்னாடியும், "ஏய், இது என் பாவாடைடி"ன்னு சொல்லிடுச்சு. கெட்ட எண்ணத்துல சொல்லல, தன்னோடதைப் பார்த்த சந்தோஷத்துல சொன்னா, அவ்வளவுதான்னு அம்மாவே சொன்னாங்க. மூணு நாள் பள்ளிக்கூடம் போகல. வீட்டுல உட்கார்ந்து தீப்பெட்டிக்கு அட்டை ஒட்டி, அந்தக் காசைச் சேர்த்து, அடுத்த பொங்கலுக்கு ஒரு சீட்டித் துணி எடுத்துப் பாவாடை தைச்சாங்களாம். கடையில அந்தத் துணியைக் கிழிச்ச சத்தம் இன்னும் ஞாபகம் இருக்குன்னாங்க.

அந்த ரீலை அன்னிக்கு ராத்திரியே அழிச்சேன்.

எனக்கும் அவளுக்கும் சண்டை வந்துச்சு. "நாம பண்ணுறது தப்பா? அத்தைக்கு நடந்ததுக்கு நான் ஜாக்கெட்டைத் தூக்கிப் போடணுமா?"ன்னு கேட்டா. அவ கேட்டதும் நியாயம்தான். ஆனா அவ வளர்ந்தது நங்கநல்லூர்ல, அப்பா பேங்க் வேலை. அவங்க வீட்டுல பழசுன்னா தாத்தா ஆடின ஊஞ்சல் பலகை, பாட்டியோட பித்தளை அடுக்கு. எங்க வீட்டுல பழசுன்னா பின்வாசல்ல நின்னு வாங்கினது. எனக்கு நெனைவு தெரிஞ்ச நாள்ல இருந்து அம்மா எனக்கு ஒரு பழைய சட்டைகூட யார்கிட்டயும் வாங்கினதில்ல. வருஷத்துக்கு ரெண்டே செட்டுன்னாலும் புதுசுதான். அதுக்குப் பின்னாடி இவ்வளவு இருக்குன்னு எனக்கு 28 வயசுலதான் தெரியுது.

மறுநாள் காலையில அவ ஒரு கேள்வி கேட்டா. "பிறந்த குழந்தைக்கு முதல்ல பழைய துணிதானே அத்தை போடுவோம்? தூளிக்கும் பழைய சேலைதானே கட்டுவோம்?" அம்மா சிரிச்சுட்டாங்க. "அது யாரு கட்டுன சேலைன்னு தெரியும்லம்மா."

நாற்காலிக்கு வர்றேன். அம்மா அதுல உட்காரவே இல்ல. ரெண்டு நாளும் தரையிலதான். மூணாம் நாள் மத்தியானம் பார்த்தா, அதைக் கவுத்துப் போட்டு அடிப்பக்கம் பார்த்துட்டு இருக்காங்க. "இந்த ஓரத்துல தொய்வா இருக்கு. இழுத்துக் கட்டத் தெரியல." சொல்ல மறந்துட்டேனே, எங்க அம்மா பல வருஷம் வயர் கூடை போட்டு வித்தவங்க. சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட்டு, எந்த டிசைனைக் கேட்டாலும் டிவியைப் பார்த்துக்கிட்டே போடுவாங்க. நான் படிச்ச காலேஜ் பீஸுல அந்தக் கூடைகளுக்கும் பங்கு உண்டு. எங்களோட 'கைவினை' பெருமை எதுலயும் அந்தக் கூடை ஒரு தடவைகூட எனக்கு ஞாபகம் வரல பாருங்க.

ஓட்டையோட நின்ன இன்னொரு நாற்காலியைக் காட்டி, "வயர் வாங்கிட்டு வா"ன்னாங்க. அவ வெளிர் பழுப்பு எடுக்கலாம்னு பார்த்தா. அம்மா கிளிப்பச்சையும் ரோஸும்தான் வேணும்னுட்டாங்க. மூணு மத்தியானம். பட்டையில இருக்கிற கணக்குதான் வயர்லயும்னு அவ அம்மாவுக்குக் காட்டினா. முடிச்சை எப்படி இறுக்கணும்னு அம்மா அவளுக்குக் காட்டினாங்க. நான் அடுத்த ரூம்ல மீட்டிங்ல இருந்தேன், மியூட் போட மறந்து மேனேஜருக்கும் எல்லாம் கேட்டுச்சு. முடிஞ்சதும் அம்மாதான் முதல்ல உட்கார்ந்தாங்க. "ம், தாங்குது"ன்னாங்க. எங்க ஹால்ல அது எதோடயும் பொருந்தாது. உட்கார அதுதான் வசதி.

இப்பவும் மூர் மார்க்கெட் போறோம். பழைய டார்ச், பீங்கான் ஊறுகாய் ஜாடி, கை மிஷின் ஒண்ணு, எல்லாம் வீட்டுக்கு வந்துட்டுதான் இருக்கு. ரீல்ல யாருக்கும் பாடம் எடுக்கிறதை மட்டும் நிறுத்திட்டேன். அம்மா வர்றப்ப அந்த ஜாக்கெட் பீரோவுக்குள்ள போயிடும். அது மரியாதைன்னு நான் சொல்றேன், பொய்னு அவ சொல்றா. இன்னும் முடிவாகல.

மூட்டைப்பூச்சி பத்தி நிறையப் பேர் கேட்டிருந்தீங்க. மரம் வாங்கும்போது மூட்டு இடுக்குல டார்ச் அடிச்சுப் பாருங்க, கறுப்புப் புள்ளி புள்ளியா இருந்தா எவ்வளவு அழகா இருந்தாலும் விட்டுட்டு வந்துடுங்க. கொதிதண்ணி ஊத்தலாம்னு சொல்லுவாங்க, பாலிஷ் போயிடும். மெத்தை, சோஃபா மாதிரி பஞ்சு வெச்சது எதையும் பழசுல நாங்க வாங்குறதில்ல. துணின்னா வெந்நீர்ல அலசி நல்ல வெயில்ல காய வெச்சப்புறம்தான் உள்ள.

அவளும் ஒரு சிவன் கண் கூடை போட்டிருக்கா. ஒரு பக்கம் சாயுது. போட்டோ அனுப்பினோம், அம்மா இன்னும் பதில் போடல. அடுத்த வாரம் பார்ப்போம்.