வெளிநாட்டு டெண்டரும் சர்க்கார் ஜாமீனும்

(கோவையை அடுத்த ஒரு சிற்றூரில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சாமியைப் பற்றியதோ சாஸ்திரத்தைப் பற்றியதோ அல்ல. நம் நாட்டுக் கம்பெனிகள் அந்நிய நாடுகளில் ரயில் பாதை போடவும், மின்சார நிலையம் கட்டவும் டெண்டர் போடுகிறபோது, அவற்றுக்கு நமது சர்க்கார் செய்துவருகிற உதவியைப் பற்றியதாகும். "இதற்கும் சுயமரியாதைக்கும் என்னய்யா சம்பந்தம்? இது பெரிய முதலாளிகள் சங்கதியல்லவா?" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். சம்பந்தம் இருக்கிறது. அது என்னவென்று காட்டத்தான் வந்திருக்கிறோம். கொஞ்சம் பொறுமையாகக் கேட்கவேண்டும்.

நமது ஊர்ச் சந்தைப்பேட்டையில் சுங்கக் குத்தகை ஏலம் விடுகிறார்கள். அங்கே எல்லோரும் நின்று வேடிக்கை பார்க்கலாம். ஆனால் எல்லோரும் கை தூக்கிவிட முடியாது. முதலில் முன்பணம் கட்டவேண்டும். கட்ட யோக்கியதை இல்லாதவன் எவ்வளவு கெட்டிக்காரனாயிருந்தாலும் வேலிக்கு வெளியேதான் நிற்கவேண்டும். வெளிநாட்டு டெண்டரும் இதே ஏலந்தான். முன்பணம் மட்டும் கோடிக்கணக்கில் போகும். டெண்டர் போடுவதற்கே பாங்கி ஜாமீன் வேண்டும். வேலை கிடைத்தால் அதை ஒழுங்காய் முடிப்பதற்கு இன்னொரு ஜாமீன் வேண்டும். இதற்குமுன் இதேமாதிரி வேலை செய்து முடித்ததற்கு அத்தாட்சியும் வேண்டும். இவ்வளவும் இருந்துவிட்டாலும் போதாது. "வேலைக்கு வேண்டிய பணத்தை எங்களுக்கு யார் கடன் கொடுப்பார், என்ன வட்டிக்குக் கொடுப்பார்?" என்று வேலை கொடுக்கிற தேசம் கேட்கும். அநேக இடங்களில் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது இந்தக் கடைசிக் கேள்விதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கம்பெனி 1000 கோடி ரூபாய்க்கு வேலை செய்வதாகச் சொல்லுகிறது. கூடவே நூற்றுக்கு 3 வட்டிக்குக் கடனும் ஏற்பாடு செய்து தருகிறது. இன்னொரு கம்பெனி 900 கோடிக்கே செய்வதாகச் சொல்லுகிறது; ஆனால் அது காட்டுகிற கடனுக்கு வட்டி நூற்றுக்கு 8. முதலாமவனிடம் வாங்கினால் வருஷ வட்டி 30 கோடி. இரண்டாமவனிடம் வாங்கினால் 72 கோடி. நூறு கோடி மலிவு என்பது மூன்று வருஷம் ஆவதற்குள் கரைந்து போய்விடும். தவணையோ 20, 25 வருஷம். வேலை யாருக்குப் போகும்? நம் ஊரில் பம்ப்செட் வாங்குகிற குடியானவன்கூட ரொக்க விலையைப் பார்ப்பதைவிடத் தவணை வட்டியைத்தானே அதிகம் பார்க்கிறான்!

ஆகவே, டெண்டர் உறையை ராகு காலம் பார்த்துப் போடுகிற கூட்டம் நமது கண்டிராக்டர்களுக்குள் எவ்வளவு இருந்தாலும், அந்த உறைக்குள்ளே இருக்கிற பாரத்தில் கிரக நிலை எழுத ஒரு காலம் கிடையாது. வட்டி விகிதம் எழுதத்தான் காலம் இருக்கிறது. அந்த வட்டியைக் குறைப்பது எந்தத் தெய்வமும் அல்ல. கம்பெனியின் முதுகுக்குப் பின்னால் நிற்கிற சர்க்கார்தான் குறைக்கிறது.

இது புதிய தந்திரமல்ல. தங்கள் வியாபாரிகளின் கடனுக்குச் சர்க்காரே பொறுப்பேற்கிற இலாகாவை இங்கிலாந்துக்காரர்கள் 1919-லேயே ஏற்படுத்தினார்கள். அமெரிக்கா 1934-இல் இதற்கென்று பாங்கி வைத்தது. பணக்கார நாடுகள் இந்த வட்டிக் குறைப்பில் ஒன்றையொன்று கழுத்தறுத்துக்கொள்ள ஆரம்பித்து, பிறகு 1978-இல் "இவ்வளவுக்குக் கீழே போகக்கூடாது" என்று தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. சீன தேசம் அந்த ஒப்பந்தத்தில் சேரவில்லை. அது 1994-இல் தனக்கென ஒரு எக்ஸிம் பாங்கியை வைத்துக்கொண்டு, ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் துறைமுகமும் ரயிலுமாகக் கட்டித் தள்ளியது.

நாமே கடன் வாங்குகிற பக்கத்தில் நின்றும் இதைப் பார்த்திருக்கிறோம். பம்பாய்க்கும் ஆமதாபாத்துக்கும் இடையே அதிவேக ரயில் விடுவதற்கு ஜப்பான் சுமார் 79,000 கோடி ரூபாய் கடன் தர 2015-இல் ஒத்துக்கொண்டது. வட்டி நூற்றுக்கு 0.1, அதாவது நூறு ரூபாய்க்கு வருஷத்துக்குப் பத்துப் பைசா! தவணை 50 வருஷம். ஜப்பான்காரருக்கு நம்மீது அவ்வளவு கருணையா என்று கேட்டால், ரயிலின் தொழில்முறை அவர்களுடையது என்பதே பதில். அந்தப் பத்துப் பைசா வட்டி, ஜப்பான் தொழிற்சாலைகளுக்கு ஜப்பான் சர்க்கார் பிடித்த குடை.

இதே குடையை நமது சர்க்காரும் பிடித்துவருகிறது. யாழ்ப்பாணத்துக்கு 1990-இல் நின்றுபோன ரயில் 2014 அக்டோபர் 13-ஆம் தேதி திரும்பவும் போய்ச் சேர்ந்ததை நமது ஜனங்கள் அறிவார்கள். போர் அழித்த அந்தப் பாதையை மறுபடியும் போட்டது இந்திய சர்க்காருக்குச் சொந்தமான இர்கான் கம்பெனி. பணம் இந்தியா இலங்கைக்குக் கொடுத்த கடன். இத்தகைய கடன்களின் அமைப்பை நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும். கடன் வாங்குவது அயல்நாட்டு சர்க்கார். ஆனால் பணம் அந்நாட்டுக்குப் போவதில்லை. வேலை செய்கிற இந்தியக் கம்பெனிக்கு எக்ஸிம் பாங்கி இங்கேயே கொடுத்துவிடுகிறது. சாமானும் வேலையும் பொதுவாக நூற்றுக்கு 75 பங்கு இந்தியாவிலிருந்தே வாங்கப்படவேண்டும் என்பது விதி.

2015-16 முதல் இன்னொரு திட்டமும் வந்தது. வெளிநாட்டு இலாகா ஒரு முக்கியமான வேலையைப் பொறுக்கி எடுக்கும். கமிட்டி ஒன்று கூடி ஒப்புக்கொள்ளும். எக்ஸிம் பாங்கி சலுகை வட்டிக்கு அந்த நாட்டுக்குக் கடன் கொடுக்கும். பாங்கிக்கு வட்டியில் நூற்றுக்கு 2 வீதம் நமது சர்க்கார் ஈடு கொடுக்கும். கடன் வாங்கிய நாட்டின் உறுதிக்கு மேலே நமது சர்க்கார் எதிர் ஜாமீனும் நிற்கும். வங்காள தேசத்தில் ராம்பால் என்னும் இடத்தில் 1320 மெகாவாட் அனல் மின் நிலையம் கட்டும் வேலை, 160 கோடி டாலர் கடனோடு, பெல் கம்பெனிக்கு இந்த வழியிலேதான் கிடைத்தது. (அது சுந்தரவனக் காடுகளுக்குப் பக்கத்தில் இருப்பதால் இடத்தை மாற்றவேண்டும் என்று யுனெஸ்கோ 2016-இல் சொல்லியும் மாற்றாமலே கட்டினார்கள். நமது கம்பெனிக்கு வேலை கிடைத்தது என்பதற்காக அயலான் ஊர்க் காட்டைப் பற்றிக் கவலைப்படாதிருப்பது அறிவுடைமையாகாது. அது தனியே பேசவேண்டிய விஷயம்.) இத்திட்டம் 2018 ஆகஸ்டில் மேலும் ஐந்து வருஷத்துக்கு நீட்டிக்கப்பட்டது.

தோழர்களே, இனிமேல் சொல்லப்போவதைத்தான் நீங்கள் கவனிக்கவேண்டும். இந்தத் திட்டத்துக்கு சர்க்கார் சொன்ன காரணம் என்ன? சீனா, ஜப்பான், ஐரோப்பா, அமெரிக்கா முதலிய நாட்டுக் கம்பெனிகள் மலிவான வட்டியும் நீண்ட தவணையும் கொண்டு வருகின்றன. நம் கம்பெனிகளுக்குக் கிடைக்கும் கடனுக்கோ வட்டி அதிகம். ஆகையால் அவை பெரிய வேலைகளுக்கு டெண்டர் போடவே முடியவில்லை என்பதே. சரியான காரணந்தான். நாம் மறுக்கவில்லை. ஆனால் இதற்கு என்ன அர்த்தம்? ஓட்டப் பந்தயத்தில் ஒருவன் காலில் கல் கட்டியிருக்கிறது, கல்லை அவிழ்த்துவிட்டபிறகு ஓடச் சொல்வதுதான் நியாயம் என்பதல்லவா அர்த்தம்?

நமது இயக்கம் ஆரம்பித்த நாள்முதல் இதைத்தானே சொல்லிவருகிறது! வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத்துக்கு 1921-இல் நீதிக் கட்சி மந்திரிசபை உத்தரவு போட்டபோதும், 1928-இல் தோழர் முத்தையா முதலியார் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோதும், 1951-இல் அரசியல் சட்டத்தையே திருத்தவேண்டி வந்தபோதும் எதிர்த்தவர்கள் சொன்னது என்ன? "தகுதி போச்சு, திறமை போச்சு, போட்டியில் ஜெயிக்கிறவன் ஜெயிக்கட்டும்" என்றார்கள். அதே வாய்கள் ஆயிரங் கோடிக் கம்பெனிக்கு வட்டியில் நூற்றுக்கு இரண்டு ஈடும் அதற்குமேல் எதிர் ஜாமீனும் கொடுக்கிறபோது ஏன் "திறமை போச்சு" என்று அலறவில்லை? முதலாளிக்குக் கொடுத்தால் தேச நன்மை. குப்பன் மகனுக்கு ஒரு காலேஜ் இடம் கொடுத்தால் தேசத்துக்குக் கேடு! இந்தப் புரட்டை நாம் எத்தனை காலம் சகித்துக்கொண்டிருப்பது?

பிறவித் திறமை என்பது இந்தத் தொழிலில் எவ்வளவு பொய் என்பதற்குக் கொரியாவைப் பாருங்கள். 1965-இல் தென் கொரியா வெகு ஏழை தேசம். அந்த வருஷம் ஹுண்டாய் கம்பெனி சயாம் தேசத்தில், அதாவது தாய்லாந்தில், பட்டானியிலிருந்து நாராதிவாட்டுக்கு ரோட்டுப் போடும் வேலையை எடுத்தது. கொரியாக் கம்பெனிகள் கடல் கடந்து எடுத்த முதல் வேலை அதுதான். மழையும் மண்ணும் தெரியாது; இயந்திரம் ஓட்டிப் பழக்கம் இல்லை. வேலையில் நஷ்டம் வந்தது. நம் ஊர் ஜோசியனாயிருந்தால் "கடல் தாண்டக்கூடாத ஜாதகம்" என்று சொல்லியிருப்பான். அவர்கள் அந்த நஷ்டத்தைப் பள்ளிக்கூடச் சம்பளமாக எண்ணினார்கள். அங்கே கற்றதைக் கொண்டு 1970-இல் சியோலிலிருந்து பூசான்வரை 428 கிலோ மீட்டர் பெருஞ்சாலையைத் தங்கள் நாட்டில் முடித்தார்கள். 1975-இல் கொரியா சர்க்கார் வெளிநாட்டுக் கட்டட வேலைகளை வளர்ப்பதற்கென்றே சட்டம் செய்தது. அடுத்த வருஷமே அரேபியாவில் ஜுபைல் துறைமுக வேலை, சுமார் 93 கோடி டாலருக்கு, அதே கம்பெனிக்குக் கிடைத்தது. பத்து வருஷத்துக்கு முன் ரோட்டில் நஷ்டப்பட்டவர்கள் இவர்கள்! இவர்கள் எந்த விசுவகர்மாவின் வமிசம்? செய்ய விட்டார்கள், கற்றுக்கொண்டார்கள். அவ்வளவுதான். "முன் அனுபவம் காட்டு" என்று முதல் நாளே கதவைச் சாத்தியிருந்தால் இன்றைக்கும் வாசலில்தான் நின்றிருப்பார்கள்.

இப்போது நம்மவர் நிலையைப் பாருங்கள். இந்தக் கோவை வட்டாரத்தில் வார்ப்படம் ஊற்றுகிற பட்டறைகள் எத்தனை! திருச்சியில் பெல் கொதிகலன் தொழிற்சாலையை நம்பி வளர்ந்த சிறு பட்டறைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. வெளிநாட்டில் எழும்புகிற மின்சார நிலையத்துக்கு வேண்டிய இரும்பை வெட்டுவதும் வளைப்பதும் பற்றவைப்பதும் இப்படிப்பட்ட இடங்களில் நிற்கிற கைகளே. ஆனால் பெரிய கம்பெனிக்குப் பாங்கி உடனுக்குடன் பணம் கொடுக்கிறது. பட்டறைக்காரன் பில்லை வைத்துக்கொண்டு மாதக்கணக்காய் வாசலில் நடக்கிறான். 45 நாளைக்குள் பணம் கொடுத்துத் தீர்க்கவேண்டும், தவறினால் கூட்டுவட்டி என்று 2006-ஆம் வருஷச் சட்டமே இருக்கிறது. கேட்டால் அடுத்த ஆர்டர் கிடைக்காது என்ற பயத்தில் வாய் மூடிக்கொண்டிருக்கிறான்.

இன்னொரு விதியும் இருக்கிறது. மத்திய சர்க்கார் இலாகாக்களும் சர்க்கார் கம்பெனிகளும் வாங்குகிற சாமானில் நூற்றுக்கு 25 பங்கு சிறு தொழில்களிடமிருந்து வாங்கவேண்டும். அதில் 4 பங்கு தாழ்த்தப்பட்டவர், மலைவாசிகள் நடத்தும் தொழில்களிடமிருந்தும், 3 பங்கு பெண்கள் நடத்தும் தொழில்களிடமிருந்தும் வாங்கவேண்டும் என்பதாகும். 2012-இல் வந்து பிறகு திருத்தப்பட்ட உத்தரவு இது. நல்ல உத்தரவு. ஆனால் அது கட்டுப்படுத்துவது சர்க்கார் இலாகாக்களையும் சர்க்கார் கம்பெனிகளையும் மட்டுமே. ஒரு தனியார் முதலாளி, சர்க்கார் ஜாமீனையும் சர்க்கார் பாங்கிக் கடனையும் தோளில் சுமந்துகொண்டு வெளிநாட்டில் வேலை எடுத்தால், அவனை இந்த உத்தரவு தொடாது. பொதுப்பணத்தின் நிழலில் நிற்பவனுக்குப் பொதுக் கடமை இல்லையாம்!

ஜாமீன் என்பது வெறும் கையெழுத்துத்தானே என்று யாராவது சமாதானம் சொல்லக்கூடும். ஜாமீன் கையெழுத்துப் போட்டு நிலத்தை இழந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பார்கள். அவர்களைக் கேட்டால் தெரியும். இலங்கை சர்க்கார் 2022 ஏப்ரலில் வெளிக்கடன் கட்டுவதையே நிறுத்திவைத்தது. 2024 ஜூனில்தான் இந்தியா உள்ளிட்ட நாடுகளோடு தவணையை மாற்றி உடன்பாடு ஆயிற்று. அங்கே சீனக் கடனில் கட்டின அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017-இல் 99 வருஷக் குத்தகைக்கே சீனக் கம்பெனியிடம் போயிற்று. நாம் கொடுத்த கடன் வராமற்போனால் எக்ஸிம் பாங்கியின் நஷ்டம் யார் தலையில் விழும்? பாங்கி முழுவதும் சர்க்காருடையது. சர்க்கார் பணம் என்பது தீப்பெட்டி வாங்குகிறவனும் சேர்ந்து கட்டுகிற வரிப்பணம். வேலை நடந்தால் லாபம் கம்பெனிப் பங்காளிக்கு, நடக்காவிட்டால் கடன் தீப்பெட்டி வாங்கியவனுக்கு என்றால் இது மனுதர்ம நியாயமேயன்றி வேறல்ல.

ஆகையால், இந்த உதவியை நிறுத்து என்று நாம் சொல்ல வரவில்லை. வெளிநாட்டில் வேலை கிடைப்பது நல்லது. ஆயிரம் பேர் கற்றுக்கொள்வார்கள். ஆனால் சர்க்கார் ஜாமீனோ, வட்டி ஈடோ, சர்க்கார் கடனோ வாங்குகிற எந்தக் கம்பெனியானாலும், தனியாருடையதானாலும் சரி, இங்கிருந்து வாங்கும் சாமானில் அந்த 25 பங்கையும், அதற்குள் 4-ஐயும் 3-ஐயும் கொடுத்தே தீரவேண்டும். பட்டறைக்காரனுக்கு 45 நாளில் பணம் போய்ச் சேர்ந்ததற்குக் கணக்குக் காட்டாவிட்டால் அடுத்த தவணைப் பணத்தைப் பாங்கி கொடுக்கக்கூடாது. எந்த நாட்டில் எந்த வேலைக்கு எந்தக் கம்பெனிக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது, அதில் யார் யாருக்கு வேலை போயிற்று என்பதைச் சர்க்கார் வருஷந்தோறும் அச்சிட்டு வெளியிடவேண்டும். இந்தக் கருத்துப்பட ஒரு தீர்மானத்தைத் தலைவர் இப்போது படிப்பார். நன்றாய் யோசித்து, ஒத்துக்கொண்டால் மட்டும் கை தூக்குங்கள்.

தீர்மானம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கவேண்டியதில்லை. 2005-ஆம் வருஷத் தகவல் சட்டத்தின்படி பத்து ரூபாய் கட்டி யார் வேண்டுமானாலும் எக்ஸிம் பாங்கியைக் கேட்கலாம். "வியாபார ரகசியம்" என்று ஒரு பிரிவைக் காட்டித் தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள். அதற்கு அஞ்சாமல் மேல் அதிகாரிக்கு அப்பீல் போடுங்கள். பட்டறை வைத்திருக்கிற தோழர்கள் தங்களுக்கு வரவேண்டிய பாக்கியும், எத்தனை நாள் ஆயிற்று என்பதும் எழுதி, பெயர் வெளியிட விருப்பமில்லாவிட்டால் அதையும் குறித்து, இப்பத்திரிகைக்கு அனுப்பினால் வாராவாரம் பிரசுரிக்கப்படும்.