விபத்து வழக்கில் தீர்ப்பு வந்த பிறகு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் சட்டத் தன்னார்வலர் ஒருவர் பேசியது)



எனக்குக் கொடுத்தது பத்து நிமிஷம். விபத்து நடந்தா கேஸ் போடறது எப்படின்னு எல்லா முகாம்லயும் சொல்றாங்க. தீர்ப்பாயம் ஒரு தொகையைச் சொன்ன பிறகு என்ன செய்யலாம்? அதை மட்டும் பேசறேன்.

ஒரு கணக்குப் போடுவோம். நம்ம உறுப்பினர் ஒருத்தருக்கு 38 வயசு. இட்லிக் கடை வச்சு மாசம் 12,000 ரூபாய் சம்பாதிக்கிறாங்கன்னு வச்சுக்கோங்க. வீட்டுக்காரர் பைக்ல பின்னால உட்கார்ந்து போகையில வேன் மோதி, கால்ல பலத்த அடி. சம்பாதிக்கிற சக்தி 40 சதவீதம் போச்சு. உச்ச நீதிமன்றம் 2009-ல் கொடுத்த அட்டவணைப்படி அந்த வயசுக்குப் பெருக்கும் எண் 15. எதிர்கால வருமானத்துக்கு 40 சதவீதம் சேர்த்தா 12,09,600 ரூபாய் வருது. ஆஸ்பத்திரிச் செலவும் வலி வேதனைக்கான தொகையும் தனி.

இப்ப தீர்ப்பில், "வருமானத்துக்கு ஆதாரம் இல்லை, மாசம் 6,000" என்று ஒரு வரி. "பைக் ஓட்டியவர் மீதும் 20 சதவீதம் தவறு" என்று இன்னொரு வரி. தொகை 4,83,840 ஆயிடும். ரெண்டே வரியில ஏழு லட்சம் போச்சு! இந்த ரெண்டு வரியையும் எதிர்த்துதான் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போறது.

பின்னால உட்கார்ந்தவங்க வண்டி ஓட்டல. ரெண்டு வண்டிக்காரங்க மேலயும் தப்பு இருந்தாலும், முழுத் தொகையையும் ஒரு தரப்புகிட்டயே வாங்கலாம்னு உச்ச நீதிமன்றம் 2015-ல் சொல்லிடுச்சு. வீட்டுக்காரர் பங்கை இவங்க தொகையில கழிக்க முடியாது. பைக்ல மூணு பேர் போனாங்கன்னு சொல்லிக் கழிக்கிறதும் உண்டு. மூணு பேர் போனது குற்றம்தான். ஆனா அதனாலதான் விபத்து நடந்துச்சுன்னு காட்டணும். 2020-ல் வந்த தீர்ப்பு இது.

வருமானத்துக்கு வருவோம். "வீட்டுல சும்மா இருக்கேன்"னு சாட்சிக் கூண்டுல சொல்லாதீங்க. வீட்டு வேலைக்கும் மதிப்புண்டுன்னு 2021-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. (கடையும் பார்த்து வீடும் பார்க்கிறவங்களுக்கு ரெண்டு சம்பளம் போடணும், அதை யார் கேட்கறது!) நம்ம சேமிப்புப் புத்தகம், கடன் திருப்பிக் கட்டின பதிவு, பேங்க் பாஸ்புக், மளிகை ரசீது எல்லாத்தையும் தீர்ப்பாயத்துலயே தாக்கல் பண்ணிடுங்க. மேல்முறையீட்டுல புது ஆதாரத்தைச் சுலபமா ஏத்துக்க மாட்டாங்க.

டாக்டர் சான்றிதழ்ல இருக்கிற சதவீதமே முடிவு இல்லை. அந்த ஊனம் உங்க தொழிலை எவ்வளவு பாதிக்குதுன்னுதான் பார்க்கணும். உட்கார்ந்து கணக்கு எழுதறவங்களுக்கும் நாள் பூரா அடுப்படியில நிக்கறவங்களுக்கும் கால் ஒண்ணுதான், இழப்பு ஒண்ணு இல்லை.

கெடு, தீர்ப்புத் தேதியிலிருந்து 90 நாள். அன்னைக்கே சான்றிட்ட நகலுக்கு மனு போடுங்க. நாள் கடந்தா தகுந்த காரணம் காட்டி அனுமதி கேட்கலாம், ஆனா அதை நம்பி உட்காராதீங்க. தகராறுத் தொகை ஒரு லட்சத்துக்குக் கீழேன்னா மேல்முறையீடு கிடையாது. இன்சூரன்ஸ் கம்பெனி மேல்முறையீடு போட்டு நோட்டீஸ் வந்தா பயப்பட வேண்டாம். கூடுதல் தொகை கேட்டு நாமும் எதிர் ஆட்சேபம் போடலாம். அதுக்கு ஒரு மாசம்தான் டைம்.

முக்கியமான ஒண்ணு. லோக் அதாலத்துல சமரசம்னு கையெழுத்துப் போட்டா அதுக்கு மேல்முறையீடே இல்லை. சமரசம் தப்புன்னு சொல்லலை, சீக்கிரம் பணம் வரும். போடறதுக்கு முன்னாடி இப்ப போட்ட மாதிரி கணக்குப் போட்டுப் பாருங்க.

வக்கீலுக்குப் பணம் இல்லைன்னா, வருமானம் எவ்வளவா இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க, இல்லைன்னா 15100-க்கு போன் பண்ணுங்க. தீர்ப்பு வாங்கி 90 நாள் ஆகாதவங்க இங்க யாராவது இருந்தா, சாப்பாட்டுக்கு முன்னாடி என்னை வந்து பாருங்க.