ஊசிக் காயமும் உடனடிச் செயலும்

(கோவை மாவட்டத்தில் தூய்மைக் காவலர்களுக்கும் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



காலில் கருவேல முள் தைத்தால் பிடுங்கி எறிந்துவிட்டு, அடுத்த வேலையைப் பார்ப்பது நம் கொங்கு நாட்டு வழக்கம். குப்பையில் கிடக்கும் ஊசி தைத்தாலும் அவ்வாறே இருந்துவிடுகிறோம். இது தகாது. ஊசி முள் அன்று. அதன் துளைக்குள் பிறர் குருதி தங்கியிருக்கலாம்.

குருதி வழியே பரவும் நோய்க்கிருமிகளுள் முதன்மையானவை மூன்று: ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி தைத்தால், ஆயிரத்தில் சுமார் மூவருக்கே தொற்றும். ஹெபடைடிஸ் பி கிருமியோ, தடுப்பூசி போடாதவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் வரை பற்றக்கூடும். உலர்ந்த குருதியிலும் ஏழு நாள் உயிர்த்திருக்கும். ஆயினும் அதனைத் தடுக்க மூன்று தவணைத் தடுப்பூசி உண்டு. முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவதும், ஆறாம் மாதம் மூன்றாவதும் போட்டுக்கொள்ளுதல் வேண்டும்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாக 1986-இல் சென்னையில் கண்டறியப்பட்டது. டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் அதனைக் கண்டறிந்த நாளில் அச்சம் இருந்தது, மருந்து இல்லை. இன்று மருந்து இருக்கிறது, காலந்தாழ்த்தாமையே வேண்டுவது.

ஊசி தைத்தவுடன் செய்யத்தக்கவை எளியவை. காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுக் கழுவுக. பிதுக்க வேண்டா; வாயில் வைத்து உறிஞ்ச வேண்டா; பிளீச்சிங் பவுடர் போன்றவற்றை இட வேண்டா. கண்ணில் குருதி தெறித்தால் தூய நீரால் நன்கு அலசுக. பின்னர் மேற்பார்வையாளரிடம் அறிவித்து, உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்க. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவையென மருத்துவர் கருதினால், அதனை இரண்டு மணி நேரத்திற்குள் தொடங்குவது சிறப்பு. 72 மணி நேரம் கடந்தால் பயனில்லை. தொடங்கிய மருந்தை 28 நாள் தவறாமல் உண்ண வேண்டும். மருத்துவர் குறிக்கும் நாள்களில் மறுபரிசோதனையும் வேண்டும்.

வருமுன் காப்பது இதனினும் மேல். செவிலியர்கள் பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடியிடாது, துளைபடாத பெட்டியில் அப்போதே போடுதல் வேண்டும். தூய்மைக் காவலர்கள் குப்பைப் பையைக் கையால் அமுக்காமல், தடித்த கையுறையும் இடுக்கியும் கொண்டு பிரித்தெடுக்க வேண்டும். நீரிழிவுக்காக வீட்டில் இன்சுலின் போட்டுக்கொள்வோர் அன்னூரிலும் சூலூரிலும் கிணத்துக்கடவிலும் உளர். அவர்கள் ஊசிகளைக் கெட்டியான மூடியுள்ள புட்டியில் சேர்த்து, இன்னதெனச் சொல்லித் தனியே கொடுத்தால் ஒரு தாயின் விரல் காக்கப்படும்.

தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒருநாள் கூலி போய்விடுமே என்றும், ஊரார் ஏதேனும் சொல்வார்களே என்றும் அஞ்சியே பலர் காயத்தை மறைக்கின்றனர். மருத்துவமனைக்குச் சென்ற நாளின் ஊதியத்தைக் குறைக்க வேண்டா. அவர் பெயரையும் பரிசோதனை முடிவையும் வெளியிட வேண்டா. தொழிலில் தொற்று அபாயம் மிகுந்த நிறுவனங்கள் பாதுகாப்புச் சாதனங்களும் தடுப்பு மருந்தும் அளித்தல் கடமையென, 2018-இல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம் கூறுகிறது.

நம் தெருவைத் தூய்மை செய்யும் கைகள் நோயின்றி இருத்தல் வேண்டும். அதற்கு ஆவன செய்வது ஊராட்சியின் முதற்கடன்.