கம்பியை விட்டுப் பாருங்கள்



அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் நான் சில காலம் குடியிருந்தேன். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் விடியற்காலை, பக்கத்து வீட்டுப் பெரியவர் ஆள் உயரத்துக்கு ஒரு துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு பனியில் இறங்கினார். கிட்டே போய்ப் பார்த்தேன். துப்பாக்கிக் குதிரையின் வாயில் தோல் துண்டு சுற்றிய சிக்கிமுக்கிக் கல். இடுப்பில் மாட்டுக்கொம்பில் செய்த மருந்துக் குடுவை. தோட்டா எதுவும் கிடையாது. மருந்தையும் ஈயக் குண்டையும் குழலின் வாய் வழியே போட்டு, கம்பியால் கெட்டித்துச் சுட வேண்டும். நம் ஊரில் நாட்டுத் துப்பாக்கி என்கிறோமே, அந்த இனம். அங்கே அதை மசில்லோடர் என்கிறார்கள்.

மான் வேட்டை என்றதும் நம்மில் பலருக்கு முகம் சுளிக்கும். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானைச் சுடுவது குற்றம். அந்தச் சட்டம் நமக்கு வேண்டியதுதான். பென்சில்வேனியாவின் கதை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் அங்கே மான்கள் அற்றுப்போகும் நிலைக்கு வந்துவிட்டன. 1895-இல் அரசு ஒரு வேட்டை விலங்கு ஆணையம் அமைத்துக் காப்பாற்றியது. ஆனால் மானைத் தின்னும் ஓநாயும் மலைச்சிங்கமும் அந்தக் காடுகளிலிருந்து போய்விட்டன. மான் பெருகிக் காட்டின் இளங்கன்றுகளையே மேய்ந்து தீர்க்க, வேட்டையை உரிமத்தோடும் கணக்கோடும் அனுமதிக்கிறார்கள். சமீப ஆண்டுகளில் ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மான்கள் அங்கே சுடப்படுகின்றன. அதில் ஒரு பகுதி, சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கிக்கென்றே 1974-இல் தொடங்கிய குளிர்காலப் பருவத்தில்.

அங்கே வாழும் நம்மவர்களில் வேட்டையில் இறங்குகிறவர்களும் உண்டு. குறைந்த செலவில் எந்த மசில்லோடர் வாங்கலாம் என்று கேட்டால் நான் சொல்வது இது: கடைக்குப் போகும் முன் உங்கள் மாநிலத்தின் வேட்டை விதிப் புத்தகத்தைப் படியுங்கள்.

காரணம் இருக்கிறது. 1985-இல் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த டோனி நைட் என்ற துப்பாக்கிக் கொல்லர், தீ மூட்டும் கேப்பை மருந்துக்கு நேர் பின்னால் வைக்கும் ஒரு வகையை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு இன்லைன் என்று பெயர். இன்று கடையில் மிக மலிவாகக் கிடைப்பது இந்த வகைதான். சிவிஏ, டிரெடிஷன்ஸ் ஆகிய நிறுவனங்களின் அடிப்படை மாடல்கள் 300 டாலரை ஒட்டிய விலையில் கிடைத்துவந்தன. ஈரத்திலும் நம்பிச் சுடலாம், தொலைநோக்கி மாட்டலாம். ஆனால் பென்சில்வேனியாவின் குளிர்காலப் பருவத்தில் அதைக் கொண்டுபோக முடியாது. அக்டோபரில் வரும் மசில்லோடர் பருவத்துக்கு ஆகும். கொலராடோவின் மசில்லோடர் பருவத்தில் தொலைநோக்கி கூடாது, குண்டைச் சுற்றி வரும் பிளாஸ்டிக் உறை கூடாது, வில்லையாக அழுத்திய மருந்தும் கூடாது. விதியைப் படிக்காமல் வாங்கினால் 300 டாலரும் பரணில் கிடக்கும்.

அளவைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். மானுக்கு 50 காலிபர், அதாவது குழலின் உள்விட்டம் அரை அங்குலம். குண்டும் துணைப் பொருள்களும் எந்தக் கடையிலும் கிடைக்கும். கவனிக்க வேண்டியது குழலுக்குள் ஓடும் முறுக்குவரி. 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் நீண்ட குண்டுக்கு. 60 அங்குலத்துக்கு மேல் ஒரு சுற்று என்றால், துணியில் பொதிந்து இறக்கும் உருண்டைக் குண்டுக்கு. 48 அங்குலம் இரண்டுக்கும் நடுவில், ஓரளவுக்கு ஒத்துப்போகும்.

சிக்கிமுக்கிக் கல் வகையே வேண்டும் என்றால் கையால் செய்தது ஆயிரக்கணக்கான டாலர் ஆகும். மலிவான வழி, பழையது வாங்குவது. தாம்ப்சன் சென்டர் நிறுவனம் 1970-இல் தொடங்கிப் பல்லாண்டுகள் செய்த ஹாக்கன் வகைத் துப்பாக்கிகள் பழைய சந்தையில் நிறைய. கல் வைத்ததும் உண்டு, கேப் வைத்ததும் உண்டு. எது என்று பார்த்து வாங்குங்கள்.

பழையதைக் கையில் எடுத்ததும் மரத்தின் பளபளப்பைப் பார்க்காதீர்கள். குழலைப் பாருங்கள். கரிமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் சேர்ந்தது. சுட்டபின் படியும் கசடு காற்றின் ஈரத்தை இழுக்கும். இரண்டு நாள் விட்டால் துரு, ஒரு பருவம் விட்டால் குழி. சிறு விளக்கைக் குழலுக்குள் இறக்கி நோக்குங்கள். சுத்தமான துணியைக் கம்பியில் சுற்றி விட்டு இழுங்கள். ஓரிடத்தில் துணி பிடித்து நின்றாலோ, கிழிந்து வந்தாலோ, குழல் கெட்டுவிட்டது. எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். பழைய இன்லைன் என்றால், பின்பக்கத் திருகுமூடியை விற்பவரையே கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். துருவேறி இறுகிய மூடியை எடுப்பது பெரும்பாடு. இந்தச் சோதனைகளுக்குச் சம்மதிக்காதவரிடம் நான் வாங்கவே மாட்டேன்.

மருந்து விஷயத்தில் விட்டுக்கொடுப்பே கூடாது. கரிமருந்தோ, அதற்கு மாற்றாகச் செய்த பைரோடெக்ஸ் போன்றதோ, துப்பாக்கியின் கையேடு சொல்லும் அளவில் மட்டும் போட வேண்டும். இன்றைய தோட்டாக்களில் வரும் புகையில்லா மருந்து இவற்றுக்கு ஆகாது. அதன் அழுத்தத்தில் குழல் வெடித்துக் கையும் கண்ணும் போகும். குண்டு, மருந்தின் மேல் அழுந்தி உட்கார வேண்டும். இடைவெளி விட்டாலும் குழல் பிதுங்கும்.

எங்கள் பெரியவர் கெட்டிக்கும் கம்பியில் இரண்டு கோடு கீறியிருந்தார். காலிக் குழலில் கம்பியை விட்டால் வாயோடு ஒட்டி நிற்கும் இடம் ஒன்று; மருந்தும் குண்டும் சரியாக இறங்கியபின் நிற்கும் இடம் மற்றொன்று. தடவிப் பார்த்தே இருட்டிலும் சொல்லிவிடுவார். காசு செலவில்லாத பாதுகாப்பு அது.

இந்தத் துப்பாக்கியில் உங்களுக்கு ஒரே ஒரு குண்டுதான். மறுபடி கெட்டிப்பதற்குள் அடிபட்ட மான் காட்டுக்குள் போய்விடும். எங்கோ கிடந்து துடித்துச் சாகும். அதனால் விலையில் மிச்சம் பிடித்த பணத்தை மருந்திலும் குண்டிலும் போட்டுக் கோடைகாலம் முழுக்கப் பழகுங்கள். உருண்டைக் குண்டு என்றால் 50, 60 கெஜத்துக்குள் மான் வரும்வரை காத்திருங்கள். சுட்டு முடித்த அன்றே சோப்புத் தண்ணீரால் குழலைக் கழுவி, துடைத்து, எண்ணெய் பூசுங்கள். பெரியவர் அன்று மாலை வெறுங்கையோடு திரும்பினார். எண்பது கெஜத்தில் ஒரு மான் நின்றதாம். தூரம் என்று விட்டுவிட்டாராம். வந்தவுடன் உட்கார்ந்து துப்பாக்கியைக் கழுவினார்.

கடைசியாக ஒன்று. இது வேட்டைக்காரர்களுக்கு மட்டும் சொல்வதில்லை. தாத்தா காலத்துத் துப்பாக்கி சுவரில் தொங்கும் வீடுகள் எல்லா நாட்டிலும் உண்டு. கெட்டித்த மருந்து பல்லாண்டு கழித்தும் வெடிக்கும். அப்படி ஒன்று கைக்கு வந்தால், வாய்ப்பக்கம் முகத்தைக் கொண்டுபோகாமல் கம்பியைக் குழலுக்குள் விட்டு, வாயருகே கம்பியில் அடையாளமிடுங்கள். பிறகு வெளியே எடுத்துக் குழலின் மேல் வைத்துப் பாருங்கள். கம்பி நுனி, மருந்துக்குத் தீ போகும் துளை இருக்கும் இடம்வரை எட்டினால் குழல் காலி. இரண்டு மூன்று விரற்கடை குறைந்தால் உள்ளே மருந்து இருக்கிறது என்றே கொள்ளுங்கள். குதிரையைத் தொடாமல், விவரம் தெரிந்த துப்பாக்கிக் கொல்லரை அழையுங்கள்.