பள்ளிப் பிள்ளைகளும் தொத்து வியாதியும்

(பெரியபட்டினத்தில் நடந்த கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்றைய தினம் நாம் சாமியைப் பற்றியும் சடங்கைப் பற்றியும் பேசப் போகிறோம் என்று எதிர்பார்த்து, பதில் கேள்விகளோடு சிலர் தயாராக வந்திருப்பதாகத் தெரிகிறது. அவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். நாம் பேச வந்தது உங்கள் பிள்ளைகளைப் பற்றி. கொள்ளை நோய் வந்தால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றுவது எப்படி என்பதே விஷயம். நாம் வைத்தியர் அல்ல. பெரிய படிப்புப் படித்தவரும் அல்ல. படித்தும் விசாரித்தும் நமக்குச் சரியென்று பட்டதைச் சொல்லுகிறோம். சரியில்லையென்று பட்டால் தள்ளிவிடுங்கள்.

இந்த ஜில்லாவோடு சம்பந்தப்பட்ட ஒரு பழைய சங்கதி உண்டு. சென்னையில் கலெக்டராயிருந்த எல்லிஸ் துரை 1819-ல் ராமநாதபுரத்தில்தான் இறந்தார். திருக்குறளை மொழிபெயர்த்தவர்; தமிழில் நல்ல பாண்டித்தியம் உடையவர். 1796-ல் ஜென்னர் கண்டுபிடித்த அம்மை குத்தும் முறை இந்நாட்டிற்கு வந்தபோது ஜனங்கள் பயந்து ஓடினார்கள். எல்லிஸ் என்ன செய்தார் தெரியுமா? அம்மைப்பால் பசுவினிடமிருந்து வருகிறதாகையால் அதுவும் தெய்வம் கொடுத்த வரம் என்று ஜனங்கள் எண்ணும்படி ஒரு கதையைக் கட்டி எழுதினார். எண்ணம் நல்லதுதான், பிள்ளைகள் பிழைக்க வேண்டும் என்ற ஆசைதான். நம்மில் சிலர்கூட "அதனால் என்ன கெட்டுப் போயிற்று?" என்று கேட்கலாம்.

கெட்டுப் போனது என்னவென்றால், கதைக்காக ஊசி போட்டுக்கொண்டவன் வேறொரு கதைக்காக ஊசியை விட்டுவிடுவான். 2017 பிப்ரவரியில் இது நடந்தது. ஒன்பது மாதக் குழந்தை முதல் பதினைந்து வயதுப் பிள்ளை வரை தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் தடுப்பூசி போட சர்க்கார் ஏற்பாடு செய்தது. பள்ளிக்கூடத்திலேயே, காசில்லாமல். அப்போது வாட்ஸ்அப்பில் ஒரு புரளி கிளம்பிற்று. இந்த ஊசி பிள்ளைகளுக்குக் கெடுதி, வெளிநாட்டான் சூழ்ச்சி என்று யாரோ பேர் தெரியாதவன் பேசி அனுப்பினான். எத்தனை பெற்றோர் "என் பிள்ளைக்குப் போட வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தார்கள்! அன்று பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாதவர்களும் உண்டு. கடைசியில் மார்ச்சுக்கும் நாளை நீட்ட வேண்டியதாயிற்று. புரளி அனுப்பியவனை எவரும் "நீ யார்? உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமில்லை.

பெரியம்மையை மாரியம்மன் ஒழிக்கவில்லை, தோழர்களே! ஊர் ஊராய், வீடு வீடாய்ப் போய் அம்மை குத்தினவர்கள் ஒழித்தார்கள். இந்தியாவில் 1975-க்குப் பிறகு அந்த நோய் இல்லை. 1980-ல் உலகத்திலேயே இல்லையென்று உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. அப்படியிருந்தும் 2021-ல் கோயமுத்தூர்ப் பக்கத்தில் கொரோனா தேவி என்று ஒரு சிலை வைத்தார்கள். அவ்வூரில் பிளேக் மாரியம்மன் முன்னமே இருக்கிறாள். துணைக்கு ஆள் வேண்டும் போலும்!

ஆனால் நியாயமாய்ப் பேச வேண்டும். நமக்கு ஏழு வயதில் தட்டம்மை வந்தபோது நம் தாயார் வாசலில் வேப்பிலை செருகினார்கள். செருகியதும் வெளியார் உள்ளே வரவில்லை. அந்த மட்டில் அது நல்ல காரியம். நோயாளியைப் பிரித்து வைப்பது அதில் இருக்கிறது. ஆனால் நம் தங்கையை அதே பாயில் படுக்க வைத்தார்கள். பத்து நாளில் அவளுக்கும் வந்தது. வேப்பிலை வந்த காரணம் மறந்து போய், வேப்பிலை மாத்திரம் நின்றுவிட்டது. பிரித்து வைப்பது இந்தக் கரைக்குப் புதிதுமல்ல. கிழக்கே மண்டபத்தில், இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலியாட்களை முகாமில் நிறுத்திச் சோதித்துத்தான் கப்பலேற்றினார்கள். அங்கே அது தோட்டத்துரைமாரின் லாபத்திற்காக நடந்தது. நம் பிள்ளைகளுக்காக நாம் செய்யக்கூடாதா?

இனி 2020-க்கு வருவோம். மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வகுப்புகள் 2021 நவம்பர் 1-ந் தேதிதான் திறந்தன. ஒன்றரை வருஷத்திற்கு மேல்! பட்டணத்துப் பிள்ளை போனில் பாடம் படித்தது. இந்தக் கரையில் வீட்டுக்கு ஒரு போன். அதுவும் தகப்பனோடு கடலுக்குப் போய்விடும். ஐந்தாம் வகுப்பில் நின்றவன் ஏழாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தபோது எழுத்துக் கூட்டத் தெரியவில்லை. வலைக்கும் கடைக்கும் வேலைக்குப் போன சிலர் திரும்பி வரவேயில்லை. 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி என்று சர்க்கார் ஆரம்பித்தது இந்தப் பள்ளத்தை மூடத்தான். ஆகவே, நோய் வந்தால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுங்கள் என்று சுலபமாய்ச் சொல்லுகிறவர்களோடு நாம் சேரமாட்டோம். மூடுவது கடைசி வழி. மூடாமலிருக்க முன்கூட்டி என்ன செய்தோம் என்பதே கேள்வி.

அதே 2020-ல் நடந்த ஒரு இழிவையும் சொல்லியாக வேண்டும். டெல்லியில் தப்லீக் கூட்டம் நடந்ததென்று, நோயையே முஸ்லிம்கள் தலையில் கட்டினார்கள். அவ்வருஷம் ஆகஸ்டில் பம்பாய் ஹைகோர்ட்டின் அவுரங்காபாத் நீதிபதிகள், வெளிநாட்டிலிருந்து வந்தவர்களைப் பலிகடாவாக்கியிருக்கிறார்கள் என்று சொல்லி வழக்கையே தள்ளினார்கள். பத்திரிகைகளில் முதலில் வந்தது கொட்டை எழுத்து. தீர்ப்பு வந்தது பொடி எழுத்து. இவ்வூரில் ஒரே பெஞ்சியில் முஸ்லிம் பிள்ளையும் இந்துப் பிள்ளையும் கிறிஸ்துவப் பிள்ளையும் உட்காருகிறார்கள். கிருமிக்குக் கலிமாவும் தெரியாது, காயத்திரியும் தெரியாது. பக்கத்துப் பிள்ளையின் மூச்சு மாத்திரம் தெரியும்.

மூச்சு என்றோமே, அதைக் கொஞ்சம் கவனியுங்கள். அவ்வருஷம் தெருவெல்லாம் மஞ்சள் தண்ணீரும் மருந்துத் தண்ணீரும் தெளித்தோம். பாதிக்குமேல் வீண். இந்நோய் முக்கியமாய்ப் பரவுவது காற்றில். சாம்பிராணி போடாத வீடு எந்த மதத்திலும் குறைவு. ஆகையால் எல்லோருக்கும் விளங்கும். கதவைச் சாத்திப் போட்டால் புகை மூலைமுடுக்கெல்லாம் நிறைந்து வெகுநேரம் நிற்கும். எதிரும் புதிருமாக ஜன்னலைத் திறந்தால் போய்விடும். நோயாளியின் மூச்சும் அப்படியே. கடற்காற்று சும்மா வீசும் ஊரில், கொக்கி போயிற்றென்று ஜன்னலை ஆணியடித்து மூடி, நாற்பது பிள்ளைகளை உள்ளே வைத்தால் அது விதியா, புத்திக் குறைவா?

கை கழுவச் சொல்லுகிறார்கள். வயிற்றுப்போக்கிற்கு அது மெத்த அவசியம். ஆனால் உவர்த்தண்ணீரில் சோப்பு நுரைக்காது. நல்ல தண்ணீரைக் குடம் இவ்வளவென்று விலை கொடுத்து வாங்குகிறோம். குழாயில்லாத பள்ளியில் சுவரில் படம் ஒட்டினால் கை சுத்தமாகிவிடுமா?

இனி நம் குற்றத்தை நாமே சொல்லுகிறோம். நம் மகன் படித்த பள்ளியில், வருஷத்தில் ஒரு நாளும் லீவு எடுக்காத பிள்ளைக்குப் பரிசு. ஒரு நாள் அவனுக்குக் காய்ச்சல். "பரிசு போய்விடும், அப்பா" என்று அழுதான். மாத்திரை கொடுத்து அனுப்பிவைத்தோம். அந்த வாரத்தில் அவன் வகுப்பில் ஒன்பது பிள்ளைகள் படுத்தார்கள். அதில் ஒரு பிள்ளையை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். மேடையில் பகுத்தறிவு பேசுகிற நாமே செய்த காரியம் இது. பிள்ளைக்குக் கிடைத்தது ஒரு தட்டு. அதை இன்றுவரை வீட்டில் எடுத்துப் புழங்கவில்லை.

நமக்காவது பரிசு ஆசை. கூலிக்குப் போகும் தாய்க்கு அதுவுமில்லை. பிள்ளை வீட்டிலிருந்தால் அவளுக்கு ஒரு நாள் கூலி போயிற்று. பிள்ளைக்கு மத்தியானச் சோறும் முட்டையும் போயிற்று. 2023 முதல் சர்க்கார் தொடக்கப் பள்ளிகளிலெல்லாம் காலைச் சாப்பாடும் உண்டு, அதுவும் போயிற்று. இவளைப் பார்த்து "காய்ச்சல் பிள்ளையை அனுப்பாதே" என்று உபதேசம் செய்கிறவன், அந்தச் சோற்றுக்கு என்ன வழி என்றும் சொல்ல வேண்டும். பள்ளி மூடியிருந்த காலத்தில் சத்துணவு அரிசியும் பருப்பும் வீட்டுக்கே கொடுத்தார்களே! அப்படியானால் நோயாயிருக்கும் நாலு பிள்ளைகளின் பங்கைக் கொடுத்தனுப்புவது முடியாத காரியமா?

இதையெல்லாம் யாரிடம் கேட்பது என்பீர்கள். ஒவ்வொரு சர்க்கார் பள்ளியிலும் மேலாண்மைக் குழு இருக்கிறது. 2009-ம் வருஷத்துச் சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதி பெண்கள். அடுத்த கூட்டத்திற்குப் போய் மூன்றே விஷயம் எழுத வையுங்கள்: லீவெடுக்காத பரிசை நிறுத்துவது, ஜன்னலைத் திறப்பது, காய்ச்சல் பிள்ளையின் சோற்றை வீட்டுக்கு அனுப்புவது. முதலாவதற்குக் காசே வேண்டாம்.

ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார்: "ஊசி போட்டும் கொரோனா வந்ததே, பிறகு எதற்கு?" என்று. நல்ல கேள்வி. அந்த ஊசி நோயை அடியோடு தடுக்கவில்லை. உயிருக்கு மோசமாகாமல் பெரும்பாலோரைக் காத்தது. குடை பிடித்தாலும் கால் நனைகிறது. அதற்காக மழையில் குடையை எறிவதில்லை. தட்டம்மை ஊசி அதைவிடப் பலமானது; இரண்டு தரம் போட்டால் நூற்றுக்குச் சுமார் 97 பேருக்கு அந்நோய் வராது. போட்ட பிறகு ஓரிரு நாள் காய்ச்சல் வரலாம். அதை மறைத்துச் சொல்லுகிறவனை நம்பாதீர்கள். மற்றச் சீட்டுகளுக்கு இப்போது நேரமில்லை. கூட்டம் முடிந்ததும் இங்கேயே கீழே உட்கார்ந்திருப்போம். தாய்மார்கள் முதலில் வந்து கேட்கலாம்.