அப்பத்தைப் பிட்ட அருளப்பன்



1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் தென் தமிழ்நாட்டில் ஒரு சிறு கூட்டத்தார் கூடி ஜெபம் செய்தார்கள். பிறகு அப்பத்தைப் பிட்டு ஆளுக்குக் கொஞ்சம் உண்டார்கள். நடந்தது அவ்வளவுதான். ஆனால் அந்தச் செய்தி மிஷன் வட்டாரங்களில் பெரும் பரபரப்பை உண்டாக்கிற்று. யார் இவர்கள், யார் கொடுத்த அதிகாரம் என்று கேள்விகள் எழுந்தன. அந்தத் திருவிருந்தில் கைவைத்த அருளப்பன், ஆண்ட்ரூ என்ற இருவரும் குருப்பட்டம் பெற்றவர்கள் அல்ல. உள்ளூர்த் தமிழர்கள். அதுவரை பட்டம் பெற்ற குருவானவர் ஒருவர் வந்தால்தான் சபைக்குத் திருவிருந்து, அவர் வந்தால்தான் ஞானஸ்நானம் என்பதே வழக்கம்.

ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் 1810இல் பிறந்தவர். பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயரிடம் படித்தவர். 1840இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே வத்திராயிருப்புப் பக்கம், கிறிஸ்தியான்பேட்டை என்ற குடியிருப்பை உண்டாக்கினார். அன்று அந்தச் சீமை திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தது. 1910இல் ராமநாதபுரம் ஜில்லா பிறந்தபோது அதற்குப் போனது. 1985 முதல் விருதுநகர் மாவட்டம். பழைய மிஷன் கடிதங்களில் ‘வடதிருநெல்வேலி’ என்று வருவது பெரும்பாலும் சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கத்துக் கரிசல் காட்டையும் மலையடிவாரத்தையும்தான்.

ஒரு துண்டு அப்பத்துக்கு ஏன் இத்தனை பரபரப்பு? அதைப் புரிந்துகொள்ள எருசலேமுக்குப் போக வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்குள் போய்வந்தவர்களுக்கு எருசலேம் தேவாலயத்தின் அமைப்பை அதிகம் விளக்க வேண்டியதில்லை. கோபுரவாசல், பிராகாரம், மகாமண்டபம், அர்த்தமண்டபம், கருவறை என்று உள்ளே போகப்போக ஆட்கள் குறைவது போலத்தான் அங்கேயும். வெளிமுற்றத்தில் யார் வேண்டுமானாலும் நிற்கலாம். அதைத் தாண்டி யூதர்கள் மட்டும். அதிலும் பெண்களுக்கு ஓர் எல்லை, ஆண்களுக்கு ஓர் எல்லை, ஆசாரியர்களுக்கு ஓர் எல்லை. எல்லாவற்றுக்கும் உள்ளே மகா பரிசுத்த ஸ்தலம். அதன் முன்னே கனத்த திரை. வருடத்தில் ஒரே நாள், பாவநிவாரண நாளில், பிரதான ஆசாரியர் ஒருவர் மட்டும் பலியின் இரத்தத்தோடு அந்தத் திரைக்குப் பின்னால் போவார். தம் பாவத்துக்காக ஒரு காளை, ஜனங்களின் பாவத்துக்காக ஒரு வெள்ளாட்டுக்கடா. மறுவருடம் மறுபடியும் அதே பலி, அதே இரத்தம்.

வெளிமுற்றத்தைத் தாண்டி வேற்று இனத்தார் கால் வைக்கக் கூடாது என்று அங்கிருந்த தடுப்புச் சுவரில் கிரேக்க மொழியில் எச்சரிக்கை வெட்டிவைத்திருந்தார்கள். மீறி வருகிறவனுடைய சாவுக்கு அவனே பொறுப்பு என்பது அதன் சாரம். அந்தக் கல்வெட்டுகளில் ஒன்றை 1871இல் பிரெஞ்சு ஆய்வாளர் கிளெர்மோன்-கன்னோ கண்டெடுத்தார். இன்று அது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இயேசு சிலுவையில் உயிர்விட்ட நேரத்தில் தேவாலயத் திரை மேலிருந்து கீழ்வரை இரண்டாகக் கிழிந்தது என்று மத்தேயுவும் மாற்குவும் எழுதுகிறார்கள். லூக்காவும் திரை கிழிந்ததைச் சொல்கிறார். மேலிருந்து கீழே என்ற விவரத்தைப் பிரசங்கிகள் விடவே மாட்டார்கள். மனிதன் கிழித்திருந்தால் கீழேயிருந்துதானே தொடங்கியிருப்பான் என்று கேட்பார்கள். எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபம் இந்தக் காட்சிக்கு முழு விளக்கம் தருகிறது. இயேசுவே பிரதான ஆசாரியர், இயேசுவே பலி. அந்தப் பலி ஒரே தரம் செலுத்தப்பட்டுவிட்டது, இனி அது தேவையில்லை. அவருடைய சரீரமே அந்தத் திரை. அது கிழிந்ததால் விசுவாசிகள் எல்லாரும் தைரியமாகக் கடவுளிடம் நேரே போகலாம். தேவாலயம் நின்றிருந்தவரை இந்தப் போதனையும் பழைய பலிகளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. கி.பி. 70இல் ரோமப் படை அந்தத் தேவாலயத்தை இடித்தது. பலிகளும் அதோடு நின்றுபோயின.

கடவுளை நேரே அணுகலாம் என்று சொன்ன மதத்திலும் நூற்றாண்டுகள் போகப்போகப் படிகள் முளைத்தன. பலிபீடம் வந்தது, பீடத்துக்கு முன் கிராதி வந்தது, குருக்களின் வரிசை வந்தது. 1520இல் மார்ட்டின் லூத்தர், ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரும் ஆசாரியரே என்று எழுதி ஐரோப்பாவைக் குலுக்கினார். கத்தோலிக்கத் திருச்சபை இதை வேறு விதமாகப் பார்க்கிறது. இடைநிலையாளர் கிறிஸ்து ஒருவரே, குருவானவர் அவருடைய பெயரில் பணிசெய்கிறவர், புனிதர்கள் நமக்காகப் பரிந்து பேசுகிறவர்கள் என்பது அவர்களுடைய நிலை. 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏடு, விசுவாசிகள் அனைவருக்கும் உரிய பொதுக் குருத்துவத்தைப் பற்றியும், அதிலிருந்து வேறுபட்ட பணிக் குருத்துவத்தைப் பற்றியும் பேசுகிறது.

இடைநிலையாளர் கிறிஸ்து ஒருவரே என்ற போதனையில் எல்லாச் சபைகளும் ஏறத்தாழ ஒரே குரலில் பேசும். அப்பத்தை யார் பிட்பது, பிட்கிறவருக்குச் சம்பளம் யார் தருவது, கூட்டத்தில் வாயைத் திறக்க யாருக்கு உரிமை என்று கேட்டால்தான் குரல்கள் பிரியும். தமிழ்நாட்டில் அந்த மூன்று கேள்விகளும் ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சீமையில் ஒரே ஆளைச் சுற்றி எழுந்தன.

அருளப்பனின் குரு ரேனியஸே இந்தச் சிக்கலில் மாட்டியவர். பிரஷ்யாவிலிருந்து 1814இல் சென்னைக்கு வந்து, 1820 முதல் பாளையங்கோட்டையில் உழைத்த லூத்தரன் அவர். சம்பளம் கொடுத்தது ஆங்கிலிக்கரின் சி.எம்.எஸ். மிஷன். தம்மிடம் படித்த உபதேசியார்களுக்குத் தாமே பட்டம் கொடுக்க விரும்பினார் ரேனியஸ். பிஷப்தான் கொடுக்க வேண்டும் என்றது மிஷன். தகராறு முற்றி 1835இல் அவரை மிஷன் விலக்கியது. அவரோடு ஒரு பகுதி சபையாரும் பிரிந்தார்கள். 1838இல் பாளையங்கோட்டையிலேயே ரேனியஸ் காலமானார்.

அருளப்பனுக்கு இன்னொரு வழிகாட்டியும் கிடைத்தார். அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ், இங்கிலாந்தின் எக்சிட்டர் நகரத்துப் பல் மருத்துவர். நல்ல வருமானத்தை விட்டுவிட்டு மிஷனரியாகப் புறப்பட நினைத்த குரோவ்ஸ், 1820களின் பிற்பகுதியில் சி.எம்.எஸ்.ஸிடம் ஒரு கேள்வி கேட்டார். குருவானவர் யாரும் பக்கத்தில் இல்லாத இடத்தில், பட்டம் பெறாத நான் விசுவாசிகளுக்குத் திருவிருந்து நடத்தலாமா? கூடாது என்று பதில் வந்தது. அந்தப் பதில்தான் அவரை யோசிக்க வைத்தது. பட்டம் வேண்டும் என்று வேதத்தில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்து, எங்கும் இல்லை என்ற முடிவுக்கு வந்தார். பிரதரன் சபை என்று இன்று சொல்லப்படும் இயக்கத்தின் தொடக்ககாலத் தலைவர்களில் ஒருவரானார். பாக்தாதில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு 1833இல் இந்தியா வந்தவர், திருநெல்வேலிக்கும் வந்தார். அருளப்பன் அவருடைய மொழிபெயர்ப்பாளரானார்.

குரோவ்ஸ் அவருக்கு மாதாமாதம் ஒரு தொகை கொடுக்க முன்வந்தார். அருளப்பன் வேண்டாம் என்றுவிட்டார். கூலிக்காகத்தான் பிரசங்கம் செய்கிறாய் என்று ஜனங்கள் ஓயாமல் சொல்வார்கள் என்பது அவர் சொன்ன காரணம். மிஷன் கொடுக்கும் மாதச் சம்பளம் அன்றைய கிராமத்தில் பெரிய ஆதாரம். அதை வாங்குகிறவர் மிஷனுக்குப் பதில் சொல்ல வேண்டியவராகிறார், சபையார் அவரை மிஷனின் ஆளாகப் பார்க்கிறார்கள். கடவுளிடம் நேரே போகலாம் என்று சொல்கிறவர் தம் சோற்றுக்கு லண்டனைப் பார்த்திருந்தால் அந்தப் பேச்சு எடுபடாது என்று அருளப்பனுக்குத் தோன்றியிருக்கிறது. கிறிஸ்தியான்பேட்டை அதனால்தான் மிஷன் வளாகமாக இல்லாமல், குடும்பங்கள் பயிர்செய்து பிழைக்கும் ஊராக அமைந்தது. அங்கிருந்து சுற்றுக் கிராமங்களுக்குப் பிரசங்கத்துக்குப் போய்வந்தார்கள்.

ஆங்கிலிக்கர் பக்கமும் சும்மா இருக்கவில்லை. கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்ற தாமஸ் கஜெட்டன் ராக்லண்ட், 1854 முதல் சிவகாசியைச் சுற்றிய ஊர்களில் கூடாரம் அடித்து ஊர் ஊராக நகர்ந்துகொண்டே பிரசங்கித்தார். பங்களாவை விட்டுக் கூடாரத்துக்கு வந்த மிஷனரி அவர். 1858 அக்டோபர் 22இல் சிவகாசியிலேயே இறந்தார்.

இரண்டே ஆண்டுகளில், 1860 மார்ச்சில், கிறிஸ்தியான்பேட்டையில் எழுப்புதல் வெடித்தது. அமெரிக்காவிலும் அயர்லாந்தின் அல்ஸ்டரிலும் நடந்த எழுப்புதல்களைப் பற்றிய செய்திகள் ஏற்கெனவே அங்கே வந்து சேர்ந்திருந்தன. ஜெபக்கூட்டங்களில் ஆட்கள் நடுங்கி விழுந்தார்கள், மார்பில் அடித்துக்கொண்டு பாவங்களை வாய்விட்டு அறிக்கையிட்டார்கள், பலர் அந்நியபாஷை பேசினார்கள், தீர்க்கதரிசனம் சொன்னார்கள். அப்படிப் பேசியவர்களில் பெண்கள் இருந்தார்கள், சிறுவர்கள் இருந்தார்கள். அருளப்பன் இதையெல்லாம் நாட்குறிப்பில் எழுதினார். சி.எம்.எஸ். சபைகளுக்கும் அந்த நெருப்பு பரவியது. அங்கே பணிபுரிந்த ஆஷ்டன் டிப் என்ற மிஷனரி, இது வெளிநாட்டார் நடத்தியதல்ல, இந்த மண்ணிலேயே எழுந்தது என்று தம் மிஷன் இதழில் அதே ஆண்டு எழுதினார். பெந்தெகொஸ்தே இயக்கம் 1906இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து அசுசா தெருவில் தொடங்கியது என்று வழக்கமாகச் சொல்வார்கள். அதற்கு 46 ஆண்டுகள் முன்பே வத்திராயிருப்புப் பக்கம் இதெல்லாம் நடந்ததை இன்றைய வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள்.

எல்லாரும் கடவுளிடம் நேரே பேசலாம் என்றால், கடவுள் என்னிடம்தான் நேரே பேசினார் என்று ஒருவர் எழுந்து நிற்கவும் வழி பிறக்கும். 1870களில் திருவிதாங்கூரில் எழுந்த எழுப்புதலுக்குத் திருநெல்வேலியிலிருந்து போன பிரசங்கிகளின் பங்கும் உண்டு. அங்கே முன்னணியில் நின்றவர் யுஸ்தூஸ் யோசேப்பு. தமிழ் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரானவர். இயேசு 1881இல் வருவார் என்று அவர் அணியினர் நாள் குறித்தார்கள். அந்த ஆண்டு வந்துபோயிற்று. ஆசாரியர் இருந்த இடத்தில் தீர்க்கதரிசி வந்து உட்கார்ந்ததுதான் மிச்சம்.

சாதியும் கடவுளிடம் நேரே போகலாம் என்ற போதனையோடு மோதிக்கொண்டேதான் இருந்தது. அதே திருநெல்வேலி ஜில்லாவின் தென்கோடியில் வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயில். 1872இல் முடிந்த அந்தக் கட்டடம் இரண்டு சாதிப் பிரிவினருக்கு இரண்டு நீளமான பகுதிகளாகக் கட்டப்பட்டு, இரண்டும் ஒரே பீடத்தில் வந்து சேர்ந்தன. இடையே சுவர். 1910இல் குருக்கள் அந்தச் சுவரை இடித்தார்கள். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போயிற்று. சாதியின் பேரில் கோயிலில் தனி இடம் கேட்க உரிமையில்லை என்று 1917இல் தீர்ப்பு வந்தது. திரை கிழிந்த கதையைப் பெரிய வெள்ளிதோறும் கேட்ட ஊர்தான் அது.

 இன்று ஞாயிறு காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்தைச் சுற்றினால் அதே மூன்று கேள்விகளுக்கும் விதவிதமான பதில்கள் கிடைக்கும். ஆங்கிலிக்க மரபில் வந்த சி.எஸ்.ஐ. கோயிலில் பட்டம் பெற்ற ஆயர்தான் அப்பத்தை ஆசீர்வதிப்பார். கத்தோலிக்கத் திருப்பலிக்குக் குருவானவர் வேண்டும், பாவசங்கீர்த்தனத்துக்கும் அவர்தான். பிரதரன் கூடுகையில் பீடமும் இல்லை, அங்கியும் இல்லை. சகோதரர்களில் யாராவது ஒருவர் எழுந்து ஸ்தோத்திரம் சொல்லி அப்பத்தைப் பிட்பார். பெந்தெகொஸ்தே ஆராதனையில் எல்லாரும் ஒரே நேரத்தில் சத்தமாக ஜெபிப்பார்கள். ஆனால் கூட்டம் முடிந்ததும் பாஸ்டர் தலையில் கைவைத்து ஜெபிக்க வேண்டும் என்று வரிசையில் நிற்பார்கள். தொலைக்காட்சி ஊழியர்களின் ஜெப எண்களுக்குப் போன் போட்டுக் காத்திருப்பவர்களும் உண்டு. எனக்காக நீங்கள் ஜெபியுங்கள் என்று கேட்பது பழைய கிறிஸ்தவப் பழக்கம். என் ஜெபம் போய்ச்சேராது, நீங்கள் சொன்னால் சேரும் என்று நினைத்துக் கேட்டால் அங்கே திரை மறுபடி தொங்க ஆரம்பிக்கிறது என்பார்கள் பிரதரன் சபையார்.

பிரதரன் சபையாரைப் பார்த்துக் கேட்கவும் மற்றவர்களிடம் ஒரு கேள்வி இருக்கிறது. பட்டம் என்ற தடையை நீக்கிய அந்தச் சபைகளில் பெரும்பாலானவற்றில் பெண்கள் முக்காடிட்டு மௌனமாக உட்கார வேண்டும். பட்டத்தைக் கைவிடாத சி.எஸ்.ஐ.யோ 1970களிலேயே பெண்களுக்குப் பட்டம் கொடுக்கத் தொடங்கி, 2013இல் நந்தியால் திருமண்டலத்துக்குப் புஷ்பலலிதாவைப் பேராயராக்கியது. 1860இல் கிறிஸ்தியான்பேட்டையில் எழுந்து பேசிய பெண்கள் இன்று உயிரோடு வந்தால், அருளப்பன் தொடங்கிய வழியில் வந்த கூடுகைகளைவிட அவர் ஒதுங்கிப்போன ஆங்கிலிக்க மரபின் கோயில்களில்தான் அவர்களுக்குப் பேச அதிக இடம் கிடைக்கும்.