ஹேதரும் திண்ணையும்

யூதர்கள் தம் தொடக்கப்பள்ளியை 'ஹேதர்' என்றனர். எபிரேய மொழியில் அச்சொல்லுக்கு அறை என்பதே பொருள். தமிழர் தம் பள்ளியைத் திண்ணைப் பள்ளிக்கூடம் என்றனர். இரண்டிற்கும் பெயர் தந்தது பாடமும் அன்று, ஆசிரியரும் அன்று. பிள்ளைகள் உட்கார்ந்த இடம். கிழக்கு ஐரோப்பியச் சிற்றூர்களில் அந்த அறை பெரும்பாலும் ஆசிரியர் குடியிருந்த வீடாகவே இருந்தது. ஆலங்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளின் திண்ணைகளைக் கண்டவர்க்கு அக்காட்சியைக் கற்பனை செய்வது அரிதன்று.

கி.பி. முதல் நூற்றாண்டில் யோசுவா பென் கம்லா என்னும் தலைமைக் குரு, ஊர்தோறும் ஆசிரியரை அமர்த்தி ஆறு ஏழு வயதுப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும் என விதித்ததாகத் தல்மூது கூறுகிறது. 25 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். 40 ஆனால் ஊர்ச்செலவில் ஓர் உதவியாளர். 50 ஆனால் இரண்டு ஆசிரியர் என்று கணக்கும் அதில் உண்டு. அந்த உதவியாளரை நம்மவர் சட்டாம்பிள்ளை என்றனர். ஆனால் அவனுக்கு ஊர் கூலி தந்ததில்லை.

வியப்புக்குரியது அவர்களுடைய வாரம். தோரா எனப்படும் ஐந்து ஆகமங்களையும் 54 பகுதிகளாகப் பிரித்து, வாரத்துக்கு ஒன்றாக (சில வாரங்களில் இரண்டாக) ஓராண்டில் படித்து முடிக்கின்றனர். ஞாயிறு அவர்களுக்கு முதல் நாள். அன்று அவ்வாரப் பகுதியின் தொடக்கத்தை ஆசிரியர் சொல்லித் தருவார். பிள்ளைகள் ஒரு சொல்லை எபிரேயத்தில் சொல்லி, உடனே அதன் பொருளை வீட்டுமொழியில் சொல்வர். நாள்தோறும் பாடம் சிறிது நகரும். சற்று வளர்ந்தவர்கள், 11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ராஷியின் உரையையும் சேர்த்துக் கற்பர். வியாழக்கிழமை ஒப்புவித்தல்; பிள்ளைகள் அஞ்சிய நாள் அது. வெள்ளியன்று அரைநாளோடு பள்ளி முடியும். சனிக்கிழமை ஓய்வுநாள். அன்று காலையில் தொழுகைக்கூடத்தில் ஊரார் அனைவர் முன்னும் ஓதப்படுவதும் அதே பகுதிதான். மாலையில் தந்தையோ ஊரில் கற்றறிந்த ஒருவரோ பிள்ளையை அழைத்து அதிலிருந்து கேள்வி கேட்பார். ஆறு நாளும் பிள்ளை தனியே சுமந்த பாடம் ஏழாம் நாள் ஊர் முழுவதற்கும் பாடமாகிவிடும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. எபிரேய நெடுங்கணக்கில் 22 எழுத்துகள், அனைத்தும் மெய்கள். உயிரொலிகளைப் புள்ளிகளும் கோடுகளும் இட்டுக் காட்டுவர். பிள்ளையின் புத்தகத்தில் அப்புள்ளிகள் இருக்கும். தொழுகைக்கூடத்துத் தோல்சுருளில் இரா. அங்கே படிப்பவருக்குச் சொல் முன்பே தெரிந்திருக்க வேண்டும். தமிழ் ஓலைச்சுவடியின் நிலையும் ஏறத்தாழ இதுவே. மெய்க்குப் புள்ளி இல்லை. எகர ஏகார வேறுபாடு இல்லை. ரகரத்துக்கும் காலுக்கும் ஒரே வடிவம். வீரமாமுனிவர் எழுத்தைத் திருத்திய பின்னரும் ஏடெழுதுவோர் பலர் பழைய வழக்கை விடவில்லை. பொருள் அறியாதவன் ஏட்டைப் பிழையின்றிப் படிக்க முடியாது. ஆதலால் இரண்டு மரபிலும் எழுத்துக்கு முன்னே குரல் நின்றது. இந்த ஓதலை வெறும் நெட்டுரு என்று தள்ளிவிடுவது அவசரத் தீர்ப்பு. ஏமன் நாட்டு யூதரிடையே நூல்கள் அரிதாக இருந்தமையால், ஒரே புத்தகத்தைச் சுற்றி அமர்ந்த பிள்ளைகள் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் படிக்கப் பழகினர்!

தமிழகத்துக்கு அண்மையில், கேரளத்திலும் இக்கல்வி நடந்தது. சேந்தமங்கலம், பரவூர் முதலிய ஊர்களில் தொழுகைக்கூடத்தின் மாடியிலேயே பிள்ளைகளுக்கு வகுப்பு. எபிரேயத் தொடரைச் சொல்லுக்குச் சொல் மலையாளத்தில் பெயர்த்துச் சொல்லும் முறையை அவர்கள் 'தம்சீர்' என்றனர். நம் பதவுரையின் உடன்பிறப்பு என்று அதனைக் கொள்ளலாம். ஐரோப்பிய ஹேதரில் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளே அமர்ந்தனர். அது அம்மரபின் பெருங்குறை. கொச்சிப் பெண்களோ எபிரேயம் ஓதவும் கற்று, மலையாளப் பாடல்களைக் குறிப்பேடுகளில் எழுதியும் காத்தனர். 1950களில் அம்மக்களில் மிகப் பெரும்பாலோர் இசுரேலுக்குக் குடிபெயர்ந்தனர். சேந்தமங்கலத் தொழுகைக்கூடம் இன்று அருங்காட்சியகம்.

திண்ணைப் பள்ளிக்கு இத்தகைய வாரம் இல்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய உவா நாள்களே விடுமுறை. 'வாவு' என்பது அதன் பெயர். எனினும் பாடம் வீட்டுக்குச் செல்லும் வழி ஒன்று அங்கும் இருந்தது. மாலையில் பள்ளி கலையும்போது ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயரையோ பறவையின் பெயரையோ சொல்லி அனுப்புவார். மறுநாள் காலையில் அதனை மறவாது வந்து சொல்ல வேண்டும். மறந்துவிடுவோமோ என்று அஞ்சிய பிள்ளைகள் அதனை வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லி வைப்பதுண்டு. உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' இவ்வழக்கத்தைப் பதிவு செய்துள்ளது. ஒரு சொல்தான், ஆனால் அன்றிரவு அது அந்த வீட்டின் சொல்.

இந்த மாவட்டத்தில் 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கக் காலத்திலும் அத்தகைய நெருக்கம் சிறிது காலம் கூடிற்று. பகலில் பிள்ளை படித்த வீட்டில் மாலையில் தாயும் எழுத்துக் கூட்டினாள். 2011 முதல் சமச்சீர்க் கல்வியின் பொதுப் பாடத்திட்டம் பத்தாம் வகுப்புவரை நடப்பில் உள்ளது. ஆலங்குடியில் ஒரு தெருவின் பிள்ளைகள் வெவ்வேறு பள்ளிகளுக்குச் சென்றாலும், அவர்களுள் பெரும்பாலோர் கையில் இருப்பது ஒரே தமிழ்ப் பாடநூல். ஊருக்கு ஒரு பாடம் என்பதில் பாதி இவ்வாறு கிடைத்திருக்கிறது. அந்நூலில் இவ்வாரம் எப்பாடம் நடக்கிறது என்பதை வீட்டிலுள்ள பெரியவர்களுள் எத்தனை பேர் அறிவர்? மதிப்பெண் அட்டையில் கையெழுத்திடுபவர் பாடத்தைத் திறந்து பார்ப்பதில்லை.

பத்தாண்டு நிறைவுற்ற இவ்விலக்கிய வட்டம் பதினோராம் ஆண்டின் முதற்கூட்டத்தை ஒரு சனிக்கிழமை மாலையில் வைத்துக்கொள்ளலாம். ஐந்தாம் வகுப்புத் தமிழ்நூலில் அவ்வாரம் நடந்த பாடத்தை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளும் பெற்றோரும் உறுப்பினரும் ஒரே பாயில் அமர்ந்து படிக்கலாம். கேள்வி கேட்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம்.